அன்னதான நோட்டீசில் ‘பிரம்மாண்டம்’ போடலாமா?

ஏப்ரல் 2, காலை 9.10 (கேள்வி: மேலூர்ப் பக்கத்து வாசகர்)

எங்கள் ஊர்க் கோயில் வைகாசித் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். ‘பிரம்மாண்டமான அன்னதானம்’ என்று எழுதி வைத்தேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, “அண்டம்னா முட்டைடா. சாமி காரியத்துல முட்டையப் போடப் போறியா?” என்று பேனாவால் அடித்துவிட்டார். அது உண்மையா? அப்படியானால் வேறு என்ன போடுவது? மாபெரும், ராட்சத, பூதாகரமான, விஸ்வரூபமான என்று நாலு சொல் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே பொருள்தானே? ‘பெரிய’ என்று மட்டும் போட்டால் சின்னதாகத் தெரிகிறது.

ஏப்ரல் 2, இரவு 10.30

தம்பி, பெரியப்பா சொன்னது சரி. பிரமனும் அண்டமும் சேர்ந்ததுதான் பிரம்மாண்டம். அண்டம் என்றால் முட்டை. உலகம் ஒரு முட்டையிலிருந்து விரிந்தது என்பது பழைய எண்ணம். அதனால் பிரமனுடைய முட்டை என்றால் மொத்தப் பிரபஞ்சம். பதினெண் புராணங்களில் ஒன்றுக்குப் பெயரே பிரம்மாண்ட புராணம். ஆகவே நீங்கள் எழுதியதற்குப் பிரபஞ்சம் அளவுக்குச் சோறு போடுகிறோம் என்று பொருள். கோழி முட்டை எதுவும் அதில் வராது என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள். பிரமாண்டம் என்றும் எழுதுகிறார்கள், அதுவும் வழக்கில் இருப்பதுதான்.

நான் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் 22 வருடமாக எழுத்துக் கோக்கிறேன். முதலில் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும், அப்புறம் ஃபிளக்ஸ். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கபடி, மாட்டு வண்டிப் பந்தயம், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, எது வந்தாலும் முதல் சொல் ‘மாபெரும்’தான். அதையே போட்டுவிடுங்கள். மற்றதை நாளைக்குச் சொல்கிறேன்.

ஏப்ரல் 3, காலை 7.15

நீங்கள் எழுதி வைத்த சொற்கள் ஒரே பொருள் இல்லை.

‘ராட்சத’வை எடுங்கள். சித்திரைப் பொருட்காட்சி போட்டால் ராட்சத ராட்டினம் வரும். உச்சிக்குப் போய் இறங்கும்போது அடிவயிறு கலங்குகிறதே, அந்தக் கலக்கமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ராட்சத அலை, ராட்சத கிரேன், ராட்சதக் குழாய். எல்லாம் மனிதன் கைக்கு அடங்காத பெரிசு, கொஞ்சம் பயம் கலந்தது. ராட்சத அன்னதானம் என்று போட்டால் யாரோ நம்மைத் தின்ன வருகிற மாதிரி இருக்கும்.

பூதாகரம் என்று எழுதுகிறோம், சரியாகப் பார்த்தால் பூதாகாரம். பூதம், ஆகாரம். இங்கே ஆகாரம் என்றால் உருவம், சாப்பாடு இல்லை. இந்தச் சொல் ஒரு பொருள் பெரிதாக இருப்பதைச் சொல்வதைவிட, பெருத்துப்போனதைத்தான் சொல்கிறது. வாய்க்கால் வரப்பில் ஆரம்பித்த தகராறு கோர்ட்டு வரைக்கும் போனால் பூதாகாரமாகிவிட்டது என்கிறோம். பிறக்கும்போதே பெரிதாக இருந்ததை யாரும் அப்படிச் சொல்வதில்லை. விஸ்வரூபம் இன்னொரு வகை. உள்ளே இருந்தது தன் முழு உருவத்தையும் காட்டிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றும் சோற்றுக்கு ஆகாது.

ஏப்ரல் 3, மதியம் 1.40

சொல்ல மறந்தேன். எதைப் போட்டாலும் ‘பெரும்’ என்பதற்குச் சின்ன ர. ‘பெறும்’ என்று பெரிய ற போட்டால் அடையும், வாங்கும் என்று பொருளாகிவிடும். மா பெறும் என்றால் மாங்காய் வாங்கும்.

இது எங்கள் கடையில் நடந்தது. இருபதுக்குப் பத்து ஃபிளக்ஸ், ‘மாபெறும் கபடிப் போட்டி’ என்று ஊர் முக்கில் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் ஒன்றரை அடி உயரம். கோத்தது நான்தான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத் தமிழய்யா சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தார். திட்டவில்லை, “பிள்ளைங்க பாத்து எழுதுதும்மா” என்று மட்டும் சொன்னார். 200 சதுர அடியையும் திரும்ப அடிக்க நேரம் இல்லை. ‘ரு’ ஒன்றை மட்டும் தனியாக அச்சடித்து, ஏணி போட்டு ஏறி ஒட்டினோம். ஒட்டின துண்டின் நீலம் மற்ற எழுத்தின் நீலத்தோடு சேரவே இல்லை. போட்டி முடியும் வரைக்கும் அந்த ‘ரு’ மட்டும் தனியாக நின்றது. அதற்கப்புறம் பெரியதற்குச் சின்ன ர என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அடிக்கிறேன்.

ஏப்ரல் 5, இரவு 11.05

மாபெரும் போடச் சொன்னேன் இல்லையா? இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மா என்றாலே பெரிய. பெரும் என்றாலும் பெரிய. ஒன்றையே இரண்டு முறை சொல்கிறோம். அழுத்திச் சொல்வதற்காகத்தான் சேர்த்தார்கள், தப்பில்லை. ஆனால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் அழுத்தினால் அழுத்தம் எங்கே நிற்கும்? இன்றைக்கு வேலைக்கு நடுவில் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது டிசைன் முடித்தேன், ஏழில் மாபெரும். அதில் ஒன்று, ஒரே ஒரு அறையில் நடக்கிற கண் பரிசோதனை முகாம்.

மா என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. “தம்மின்தம் மக்கள் அறிவுடைமை மாநிலத்து” என்று குறளில் வரும்போது மாநிலம் என்பது இந்தப் பெரிய பூமி முழுவதும். இன்றைக்கு அதே சொல் இந்தியாவின் ஒரு பகுதி. மாவட்டம் என்றால் பெரிய வட்டம், இப்போது ஜில்லா. மதுரை 1971-ல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சிக் குப்பை வண்டி வருகிறது என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு ‘பெரிய’ இருப்பது யார் காதிலும் விழுவதில்லை.

இதே ஊரில் அரசு மருத்துவமனையைப் பெரியாஸ்பத்திரி என்கிறோம். அந்தப் ‘பெரிய’ நன்றாகக் காதில் விழும். “பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க” என்று போனில் யாராவது சொன்னால் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள். என் அப்பாவுக்கு அப்படி ஒரு ராத்திரி போன் வந்தது. அந்த மூன்று எழுத்து அடைமொழியில் நோயின் அளவும் தெரிந்தது, இனி போக வேறு இடம் இல்லை என்பதும் தெரிந்தது.

எனவே ‘பெரிய’ சின்னதாகத் தெரிகிறது என்று நீங்கள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 6, காலை 6.50

பழைய தமிழில் இதற்கு என்னென்ன சொல் உண்டு என்று தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார். நிறைய இருக்கிறது. தொல்காப்பியத்தில் ஒரே வரியில் மூன்று: “தடவும் கயவும் நளியும் பெருமை.” தட, கய, நளி மூன்றும் பெரியது என்ற பொருள் தரும். பெருமை என்று அங்கே சொல்வது அளவை. மகன் மார்க் எடுத்ததால் வருகிற பெருமை இல்லை.

இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டேன். அந்த வரி அல்ல, அதற்கு அடுத்து வருவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தட என்பதற்கு வளைவு என்றும் பொருள் உண்டு, கய என்பதற்கு மென்மை, நளி என்பதற்குச் செறிவு என்று தொல்காப்பியர் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போகிறார். தமிழம்மா கரும்பலகையில் ஒரு யானையை வரைந்தார். துதிக்கையைக் காட்டி, “இதுதான் தடக்கை. பெரிசா இருக்கு, வளைஞ்சும் இருக்கு. ரெண்டையும் ஒரே சொல் சொல்லிருச்சு” என்றார். பக்கத்தில் ஒரு குட்டியை வரைந்து, “இது கயந்தலை” என்றார். யானைக்கன்றின் தலை, உடம்புக்குப் பெரிதாக, தொட்டால் மெத்தென்று. அதிலும் இரண்டு பொருளும் பொருந்துகின்றன. நளிக்குக் கடல். ‘நளியிரு முந்நீர்’ என்று புறநானூற்றில் வரும். நீர் பரப்பாக மட்டும் கிடக்கவில்லை, செறிந்து கிடக்கிறது.

அன்றைக்குத்தான் தமிழில் பெரியது என்று சும்மா சொல்வதில்லை, எந்த விதத்தில் பெரியது என்றும் சேர்த்தே சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

உறு, தவ, நனி, சால, கூர், கழி என்று நன்னூலில் ஒரு பட்டியல் வரும். அவை மிகுதியைச் சொல்வன. மிகுதி வேறு, பருமன் வேறு. உறுபசி என்றால் மிகுந்த பசி. பசிக்கு நீள அகலம் கிடையாது.

ஏப்ரல் 6, இரவு 9.20 (மேலூர் வாசகர்)

அக்கா, பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். ‘கயவன்’ என்றால் பெரிய ஆளா என்று கேட்கிறார்.

ஏப்ரல் 6, இரவு 9.45

இல்லை, இல்லை. அந்தக் கயமை கீழ்மை. எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒன்றாக்கிவிடக் கூடாது. பெரியப்பாவுக்கு என் வணக்கம். அவர் அன்றைக்குப் பேனாவை எடுக்காவிட்டால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 8, இரவு 10.15

நேற்று அழகர்கோவில் போய்விட்டு வந்தேன். போகும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது, அதை எழுதிவிடுகிறேன்.

அந்த இடத்துக்குப் பழைய பெயர் திருமாலிருஞ்சோலை. மால், இரும், சோலை. இரும் என்றால் பெரிய. கரிய என்றும் பொருள். மால் என்றால் திருமால். அந்தச் சொல்லுக்கும் பெருமை, கருமை இரண்டும் உண்டு. மாவும் அப்படியேதான், பெரியதும் அதுதான், கருப்பும் அதுதான். மூன்று பழைய சொற்களிலும் பெரியதும் கருப்பும் ஒன்றாகவே கிடக்கின்றன.

ஏன் என்று இலக்கணம் படித்தவர்கள் வேறு காரணம் சொல்லலாம். எனக்குத் தெரிந்தது இது. எனக்கு எட்டு வயது. அம்மாவோடு ஆடித் திருவிழாவுக்கு வந்து கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டோம். பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதிக்கு வெளியே துண்டை விரித்துப் படுத்தோம். எங்களைப் போல நிறையப் பேர் படுத்திருந்தார்கள். அங்கே சிலையைப் பார்த்துக் கும்பிடுவதில்லை, பூட்டின கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். பகலில் அந்தக் கதவு எனக்குப் பெரிய கதவு, அவ்வளவுதான். ராத்திரி விளக்கெல்லாம் அணைந்த பிறகு கண் விழித்துப் பார்த்தேன். கதவின் மேல்விளிம்பு தெரியவில்லை. அதற்குப் பின்னால் கோபுரம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே கருப்பாக வானம் வரைக்கும் நின்றது. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, “மலை வளந்துருச்சும்மா” என்றேன். அம்மா தூக்கத்தில், “இருட்டுல எல்லாம் பெருசாத்தான் தெரியும், படு” என்றாள்.

விளிம்பு தெரிந்தால் அளந்துவிடலாம். இருட்டில் விளிம்பு இல்லை. இரும் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வருகிறது. பகலில் ‘பெரிய’, ராத்திரியில் ‘இரும்’.

ஏப்ரல் 9, காலை 8.00

‘பேர்’ பற்றிச் சுருக்கமாக. உயிரெழுத்து வந்தால் பேர், மெய் வந்தால் பெரும். பேரூர், பெருங்கடல். பேரீச்சம்பழத்தில் இருப்பது இதே பேர், பெரிய ஈச்சை. பேருந்து என்றால் பெரிய உந்து. பேரனில் இருப்பதும் இதே பேர்தான்.

ஏப்ரல் 9, காலை 8.25

திருத்தம். பேரன் அப்படி இல்லை. அது பெயரன். தாத்தா பெயரைச் சுமக்கிறவன். அவசரத்தில் எழுதிவிட்டேன். என் அண்ணன் மகனுக்கு எங்கள் அப்பா பெயர்தான். நானே இதில் தப்புச் செய்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 9, இரவு 8.50 (மேலூர் வாசகர்)

பேரணையும் இதில் சேருமா அக்கா? எங்கள் கால்வாய்க்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

ஏப்ரல் 10, காலை 7.30

சேரும், நல்ல நினைவு. பேர் அணை, பேரணை. அதற்குக் கீழே வைகையில் சித்தணையும் இருக்கிறது, சிற்றணை. பெரிய அணை, சின்ன அணை என்று ஆற்றங்கரைக்காரர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்தது, 1959-ல் வைகை அணை வந்தது. 71 அடி தண்ணீர் நிற்கிற வைகை அணைக்கு முன்னால் பேரணை எந்த மூலை? ஆனாலும் பெயரை யாரும் மாற்றவில்லை. சித்தணை இருக்கிற வரைக்கும் அது பேரணைதான்.

பெரியாறும் அதே மாதிரிதான், பெரிய ஆறு. அந்தத் தண்ணீர் உங்கள் வயலுக்கு வருவதால்தான் நீங்கள் அன்னதானமே போடுகிறீர்கள். உங்கள் நோட்டீசில் ‘பெரிய’ ஏற்கெனவே இருக்கிறது, தம்பி.

ஏப்ரல் 13, மாலை 4.10

இன்று மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சேனைக்கிழங்கு வாங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கடைக்காரரிடம், “இத்தாத்தண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, என் கைத்தண்டி வெட்டிக் குடுப்பா” என்றார். கடைக்காரர் அவர் கையைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார், கத்தியை வைத்தார். தராசில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் நின்றது. அந்த அம்மா சரி என்று வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு நாள் எழுதிக்கொண்டிருக்கிறேன், தினம் வாயில் வருகிற தண்டியை எப்படி விட்டேன்? எத்தாத்தண்டி, அத்தாத்தண்டி, விரல்தண்டி, ஆனைத்தண்டி. பருமனுக்கு நம் பக்கத்துச் சொல் இதுதான். தண்டி எப்போதும் தனியாக வராது, எதன் தண்டி என்று முன்னால் ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கை பெருத்தால் பாட்டி ‘மகால் தூண் தண்டி’ என்பாள். திருமலை நாயக்கர் மகாலுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது நானும் இரண்டு தோழிகளும் கையைக் கோத்துக்கொண்டு ஒரு தூணைச் சுற்றிப் பார்த்தோம். கடைசி இரண்டு கைகள் தொடவில்லை. பாட்டி எவ்வளவு பெரிய வசவு வைதாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

குறுந்தொகையில் தலைவி தன் காதலைச் சொல்லும்போதும் எதைவிட என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறாள். “நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே.” பாருங்கள், மண்ணுக்குப் பெரிது, வானத்துக்கு உயர்ந்தது, நீருக்கு ஆழம். ஒரு சொல்லையே மூன்று முறை போடவில்லை. பிரம்மாண்டமான காதல் என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் யார் இத்தனை காலம் நினைவில் வைத்திருப்பார்கள்?

ஏப்ரல் 14, காலை 10.00

புத்தாண்டு வாழ்த்துகள். சின்னத் தொடர்ச்சி.

பிராணிகளையும் அளவுகோலாக வைத்திருக்கிறோம். நெருஞ்சியில் பெரியது ஆனைநெருஞ்சி, குன்றிமணியில் பெரியது ஆனைக்குன்றிமணி, கற்றாழையில் பெரியது ஆனைக்கற்றாழை. பேய் இரண்டு வேலை செய்கிறது. மழைக்கும் காற்றுக்கும் முன்னால் வந்தால் அளவு மீறியது, பேய்மழை. செடிக்கு முன்னால் வந்தால் தின்ன ஆகாதது, பேய்ச்சுரை.

நம் ஊரைச் சுற்றி யானைமலை, நாகமலை, பசுமலை. சமணர்கள் ஏவிய யானையும் பாம்பும் பசுவும் கல்லாகிப் போனவை என்று கதை. ஒத்தக்கடை தாண்டிப் போகும்போது யானைமலையைப் பாருங்கள், படுத்திருக்கிற உடம்பின் கனம் தெரியும். நாகமலையில் கனம் தெரியாது, போகப்போக முடியாத நீளம்தான் தெரியும். பெயர் வைத்தவர்கள் பெரிய மலை என்று இரண்டையும் ஒரே பெயரில் முடிக்கவில்லை.

ஏப்ரல் 17, இரவு 9.40

மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணி விநாயகரை மறந்துவிட்டோம். அம்மனைப் பார்த்துவிட்டுச் சுவாமி சந்நிதிக்குத் திரும்பும்போது எதிரில் இருப்பாரே, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே. திருமலை நாயக்கர் 1645-ல் வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டினபோது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர் என்று சொல்வார்கள். தெப்பக்குளமே ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி. அவ்வளவு பெரிய குழியிலிருந்து வந்த அவ்வளவு பெரிய பிள்ளையாருக்கு மாபெரும் விநாயகர் என்றா பெயர் வைத்தார்கள்? சதுர்த்திக்கு அவருக்குப் படைக்கிற ஒற்றைக் கொழுக்கட்டைக்கு எவ்வளவு அரிசி என்பதே பெயர். முக்குறுணி, மூன்று குறுணி. குறுணிக்கு 8 படி, ஆக 24 படி.

ஏப்ரல் 18, காலை 6.30

24 இல்லை, 18 படி. நான் பழைய வாய்பாட்டை வைத்துப் பெருக்கிவிட்டேன். கோயில் கணக்கில் குறுணிக்கு 6 படி. சதுர்த்திக்குச் சதுர்த்தி பத்திரிகையிலும் 18 படி என்றுதான் வரும். அளவையே பெயராக வைத்தால் அதில் தப்புச் செய்யக் கூடாது, அதனால் விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 25, இரவு 11.30

தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்கினது எல்லாம் முடிந்து இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது. கடையில் பத்து நாளாக நிற்க நேரம் இல்லை.

மாசி வீதியில் தேர் பார்த்தேன். சுவாமியும் பிரியாவிடை அம்மனும் வருவது பெரிய தேர், மீனாட்சி வருவது சின்னத் தேர். ஊரே அப்படித்தான் சொல்கிறது. தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிற ஆள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார், சக்கரம் அவருக்கு மேலே நின்றது. அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் எந்த அடைமொழியும் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு பாட்டி, “பெரிய தேரு வந்துருச்சு” என்றார், எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

திரும்பி வரும்போது எழுகடல் தெரு வழியாக நடந்தேன். புதுமண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரம், திருமலை நாயக்கர் தொடங்கி முடியாமல் நின்றுபோனது. கீழ்ப்பகுதி மட்டும்தான் இருக்கிறது, உள்ளேயும் சுற்றியும் கடைகள். தெற்குக் கோபுரத்தைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டும், அது 170 அடி. இங்கே அண்ணாந்தால் வானம்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிலைக்கல்லின் கீழே நின்று அதன் அகலத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். இதற்கு மேல் என்ன எழும்பியிருக்கும் என்று கை யோசித்துக்கொண்டே போனது. இதற்கு எந்தச் சொல் என்று வீடு வரும் வரைக்கும் தேடினேன். உயர்ந்தது என்று சொல்ல முடியாது, உயரவே இல்லை. பெரும் என்றால் போதவில்லை. கடைசியில் எனக்குக் கிடைத்தது ‘தட’தான். ‘தடங்கல்’ என்று எழுதினால் தடை என்று வேறு பொருளுக்குப் போய்விடுகிறது பாருங்கள். அந்தக் காலத்துத் தடக்கை மாதிரி ‘தடக்கல்’ என்றுதான் எழுத வேண்டும். தட என்ற சொல்லை நாம் புழக்கத்தில் வைத்திருந்தால் இந்த இடத்தில் எனக்குச் சிரமம் இருந்திருக்காது.

ஏப்ரல் 26, இரவு 8.15 (மேலூர் வாசகர்)

அக்கா, உங்கள் கடையிலேயே நோட்டீஸ் அடிக்கலாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அன்னதானத்துக்கு என்ன போடுவது என்று அவரே எழுதிவிட்டார். தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 27, மதியம் 2.20

பார்த்தேன். ‘அன்னதானம்: 12 மூட்டை அரிசி. வருகிற எல்லாருக்கும் இலை உண்டு.’ ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, அப்படியே கோத்துவிட்டேன். நான் ஒரு மாதமாகத் தேடினதை அவர் பேனாவால் ஒரு வரியில் எழுதிவிட்டார். மூட்டைக் கணக்கைப் பார்த்ததும் எனக்குச் சமையல் கொட்டகையும் அடுப்பும் கண்ணுக்குத் தெரிந்தன.

நோட்டீசின் மாட்டு வண்டிப் பந்தயப் பகுதியில் ‘பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு’ என்று வரிசையாகப் போட்டிருக்கிறேன். பந்தயத்துக்கு மேலே நீங்கள் சொருகியிருந்த ‘மாபெரும்’ மட்டும் எடுத்துவிட்டேன், பெரியப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் திரும்ப வைத்துவிடலாம், இன்னும் அச்சுக்கு ஏற்றவில்லை. பெரிய மாட்டுக்குச் சின்ன ர, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மூட்டை எண்ணிக்கையை மட்டும் இன்னொரு முறை உறுதி செய்து சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்லுங்கள்.